நெயில் டெக்னீஷியனை மாற்றலாமா? வெறும் நகத்தைப் பார்த்து முடிவெடுங்கள்

என் மோதிர விரலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, "இது எப்போலேர்ந்து இப்படி இருக்கு, அக்கா?" என்று அந்தப் பெண் கேட்டார். நகத்தின் அடிப்பகுதிக்குக் கொஞ்சம் மேலே பிறை மாதிரி ஒரு சிவப்புக் கோடு. தடவினால் பள்ளம் தெரிந்தது. பக்கத்து விரலிலும் அதே கோடு. எனக்குப் பதில் தெரியவில்லை. நான்கு வருடமாக ஒரே பெண்ணிடம்தான் நகம் செய்துகொண்டிருந்தேன். பழைய ஜெல்லை, அதாவது விளக்கில் காட்டி இறுக வைக்கும் நகப்பூச்சை, கழற்றிய அரை மணி நேரத்தில் புதியது ஏறிவிடும். என் சொந்த நகத்தை நான் சரியாகப் பார்த்தே பல மாதம் ஆகியிருந்தது.

வழக்கமாகச் செய்பவர் ஊருக்குப் போயிருந்ததால்தான் அன்று வேறு இடத்துக்குப் போனேன். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகும் அவரை விட்டு மாற எனக்கு இன்னும் மூன்று மாதம் பிடித்தது. என் தங்கை கல்யாணத்துக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் ஆறு பேருக்கும் அவர்தான் செய்தார். எனக்காக ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்கிறார். கைராசிக்காரர் என்று நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பழகிய பாவத்துக்கு வாயைத் திறக்க முடியாமல் போய்விடுகிறது.

ஜெல், செயற்கையாக நகத்தை நீட்டும் எக்ஸ்டென்ஷன் என்று சமீபத்தில் இறங்கியவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். எது சாதாரணம், எது தவறு என்று ஒப்பிட அவர்களிடம் வேறு அனுபவம் இருக்காது. நான் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: கழற்றிவிட்டு ஒரு நாள் சும்மா இருங்கள்

முடிவு எதையும் எடுப்பதற்கு முன் அடுத்த அப்பாயின்ட்மென்டில் "இன்னைக்கு ரிமூவல் மட்டும் போதும்" என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து கையை சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து, பகல் வெளிச்சத்தில் பத்து விரலையும் போனில் படம் எடுங்கள். விளக்கு வெளிச்சம் வேண்டாம், மஞ்சளாகக் காட்டும். பளபளப்பும் டிசைனும் இருக்கும்போது எல்லாருடைய வேலையும் நன்றாகத்தான் தெரியும். ஒருவருடைய கை எப்படிப்பட்டது என்பது கழற்றிய நகத்தில்தான் தெரியும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

படத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

சிவப்புப் பிறைக் கோடு இருந்தால், அது நகத்தை அராவும் ட்ரில் மெஷினை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்ததால் வந்தது. நகத்தின் மேல் அடுக்குகள் அங்கே தேய்ந்துபோய் அடியிலுள்ள சதையின் நிறம் தெரிகிறது. நகம் தாள் மாதிரி வளைந்தால், ஒவ்வொரு முறையும் அளவுக்கு மீறி அராவியிருக்கிறார்கள், இல்லையென்றால் ஜெல்லை ஊறவைக்காமல் நெம்பி எடுத்திருக்கிறார்கள். நெம்பும்போது ஜெல்லோடு நகத்தின் மேல் அடுக்கும் சேர்ந்து வருகிறது.

மேலாகச் சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைத் திட்டு பெரும்பாலும் வறட்சி. கொஞ்ச நாள் எண்ணெய் தடவிச் சும்மா விட்டால் சரியாகும். நகத்துக்குள் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி இருந்தால் பயப்படவே வேண்டாம். சின்ன வயதில் கொக்குக் கூட்டம் பறக்கும்போது நகத்தை உரசிக்கொண்டு பூப் போடச் சொல்லிக் கேட்போமே, அந்தப் பூதான். எங்கேயோ லேசாக இடித்துக்கொண்டதால் வருவது.

பச்சை நிறம் அப்படியில்லை. ஜெல் தூக்கிக்கொண்ட இடத்தில் தண்ணீர் புகுந்து தேங்கினால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளரும், அதன் நிறம் அது. அதன்மேல் மறுபடி ஜெல் போட்டு மூடுகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நுனியிலிருந்து உள்நோக்கி நகம் வெளுத்து, சதையை விட்டுப் பிரிந்து தெரிந்தால் அது இன்னும் முக்கியம். நகமும் சதையும் போல என்று நெருக்கத்துக்கு உவமை சொல்கிறோம். அந்த ஒட்டே விட்டுப்போகிறது என்றால் விரலுக்குத் தாங்க முடியாத ஏதோ நடந்திருக்கிறது. நீளமான எக்ஸ்டென்ஷன் நெம்புகோல் மாதிரி இழுத்திருக்கலாம், அலர்ஜியாக இருக்கலாம், பூஞ்சையாகக்கூட இருக்கலாம். இதற்குத் தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் உதவியது. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். ட்ரில் காயம் பெரும்பாலும் அடியில், தோல் விளிம்பை ஒட்டித்தான் விழும். அந்தக் கோடு இப்போது விளிம்பிலிருந்து 6 மில்லிமீட்டர் மேலே இருக்கிறது என்றால், காயம் பட்டது ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு முன்பு. போனில் பழைய பணப் பரிமாற்றத்தைப் பார்த்தால் அது எந்த அப்பாயின்ட்மென்ட், யார் செய்தது என்று தெரிந்துவிடும். ஸ்டுடியோவில் நான்கைந்து பேர் மாறி மாறிச் செய்தால் இந்தக் கணக்கு ரொம்பவே உதவும். ஒருவர் மேல் வீண்பழி போடாமல் இருக்கவும்தான்.

குறை அவருடையதா, என்னுடையதா?

"ஒரு வாரம்கூட நிக்கலை" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் புகார். ஜெல் பாலிஷ் சாதாரணமாக இரண்டு, மூன்று வாரம் நிற்க வேண்டும். அதற்கு முன்பே போனால் எங்கே, எத்தனை விரலில் போனது என்று பாருங்கள்.

பெரும்பாலான விரல்களில் தோல் விளிம்புப் பக்கமிருந்து தூக்கிக்கொண்டால் அது செய்தவரின் வேலையில் உள்ள குறை. நகத்தின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை எடுக்காமல், எண்ணெய்ப் பசையைத் துடைக்காமல் போட்டிருப்பார், அல்லது ஜெல் தோல்மேல் வழிந்திருக்கும். வலது கையின் இரண்டு மூன்று விரலில் மட்டும், அதுவும் நுனியில் பெயர்ந்தால் நம் பழக்கத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். தேங்காய் துருவுவது, பூண்டு உரிப்பது, டப்பா மூடியை நகத்தால் நெம்புவது, கையுறை இல்லாமல் ஒரு தொட்டிப் பாத்திரம் தேய்ப்பது எல்லாம் கணக்கில் வரும். எண்ணெய்க் குளியலை முடித்துவிட்டு நேராக நகம் செய்யப் போகாதீர்கள். என் சித்தி மகள் தீபாவளியன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, மத்தியானம் ஜெல் போட்டுக்கொண்டு, நான்காம் நாள் எல்லாம் உரிந்துவிட்டது என்று அந்தப் பெண்ணிடம் சண்டை போட்டாள். எனக்கு இன்றுவரை வருத்தம், அதில் தவறு இவளுடையதுதான்.

வெளிர் நிற ஜெல் மஞ்சளாகிவிட்டால் அதற்கும் டெக்னீஷியனைத் திட்ட வேண்டாம். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். மஞ்சள் போட்ட குழம்பு பிசைந்தால் வெளிர் ரோஸ் நிறம் தாங்காது. நலங்கு வைக்கிற வீடாக இருந்தால் அடர்ந்த நிறம் எடுங்கள், இல்லையென்றால் நலங்கு முடிந்த பிறகு போய்ச் செய்துகொள்ளுங்கள்.

காத்திருக்கக் கூடாத விஷயங்கள்

சில குறைகளுக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுக்கலாம். கீழே வருபவை அந்த வகை இல்லை. இவற்றில் ஒன்றைக் கண்ணால் பார்த்தாலும் மாறிவிடுங்கள், எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும்.

கருவிகளிலிருந்து தொடங்குவோம். தோல் வெட்டும் நிப்பர், தோலைத் தள்ளும் புஷர் போன்ற உலோகக் கருவிகளை ஒவ்வொருவருக்கும் பிறகு கழுவி, கிருமிநாசினியில் ஊறவைத்து, ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும். ஆட்டோகிளேவ் என்பது நம் குக்கர் மாதிரிதான். அழுத்தத்தில் நீராவியை 121 டிகிரிக்கு ஏற்றி, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்து எல்லாக் கிருமியையும் கொல்லும். நல்ல இடங்களில் கருவி ஒட்டிய பையில் வரும். சூடு பட்டால் நிறம் மாறும் குறி அந்தப் பையில் இருக்கும். உங்கள் கண்முன்னே பிரிப்பார்கள்.

பல பார்லர்களில் நீல விளக்கு எரியும் ஒரு பெட்டியைக் காட்டி "ஸ்டெரிலைசர்" என்பார்கள். அந்த வெளிச்சம் படும் மேற்பரப்பில்தான் அதற்கு வேலை. நிப்பரின் மூட்டுக்குள், வளைவுக்குள் அது போகாது. சுத்தம் செய்த கருவியை வைத்திருக்க அந்தப் பெட்டி சரி, கிருமி நீக்க அதை நம்பக் கூடாது. நகத்தை அராவும் ஃபைல், வழவழப்பாக்கும் பஃபர் இரண்டும் சொரசொரப்பானவை, கழுவினாலும் சுத்தமாகாது. ஒரு ஆளுக்கு ஒன்று, பிறகு குப்பை. சிலர் உங்கள் பெயர் எழுதிய உறையில் போட்டு அடுத்த முறைக்கு எடுத்து வைப்பார்கள், அது பரவாயில்லை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். தோல் வெட்டும்போது ரத்தம் வந்து, "ஒண்ணுமில்லக்கா" என்று பஞ்சால் துடைத்துவிட்டு அதே நிப்பரோடு அடுத்த விரலுக்குப் போகிறவரிடம் மறுபடி போகாதீர்கள். உண்மையில் அந்தத் தோல் விளிம்பை வெட்டவே தேவையில்லை. நகத்துக்கும் தோலுக்கும் நடுவே கிருமி போகாமல் அடைத்து வைத்திருப்பதே அதுதான். தோல் மருத்துவர்கள் அதை மெதுவாகத் தள்ளிவிட்டால் போதும் என்கிறார்கள். வெட்டிய இடத்தில் நகச்சுத்தி வந்து, வீட்டில் விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். சீழ் வைத்துவிட்டால் எலுமிச்சம்பழத்தோடு நிற்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

பெடிக்யூர் தொட்டியையும் கவனியுங்கள். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரே சலூனில் கால் ஊறவைத்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் கட்டிகள் கிளம்பி, ஆறப் பல மாதம் ஆனது. தொட்டியில் தண்ணீர் உறிஞ்சும் சல்லடைக்குப் பின்னால் முடியும் அழுக்கும் சேர்ந்து, அதில் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியா வளர்ந்திருந்தது. போவதற்கு முன் காலில் ஷேவ் செய்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. அதனால் பெடிக்யூருக்கு முன் ஷேவ், வேக்ஸ் வேண்டாம். நம் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு. அம்மாவை, அத்தையை அழைத்துப் போவதாக இருந்தால் மோட்டார் சுழலும் தொட்டியைத் தவிர்த்து, உறை போட்ட சாதாரணத் தொட்டி கேளுங்கள். காலில் பிளேடு படவே கூடாது.

அடுத்தது, விளக்குக்குள் கை எரிவது. ஜெல் இறுகும்போது கொஞ்சம் சூடு வரும், அது அந்த ரசாயன மாற்றத்தின் இயல்பு. ஆனால் கையை வெடுக்கென்று இழுக்க வைக்கும் எரிச்சல் வந்தால், ஒன்று ஜெல்லைக் கனமாகப் போட்டிருக்கிறார், இல்லையென்றால் நகம் ஏற்கெனவே தேய்ந்து மெலிந்திருக்கிறது. நல்ல டெக்னீஷியன் "எரிஞ்சா உடனே கையை எடுங்க" என்று முன்பே சொல்வார், மெல்லிசாகப் பூசுவார். என்னிடம் "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க" என்று சொன்னார்கள். நான் ஒரு வருடம் பொறுத்துக்கொண்டேன். அந்தச் சிவப்புக் கோடு போட்ட இடங்கள்தான் அதிகம் எரிந்தவை என்று பிறகுதான் புரிந்தது.

அலர்ஜியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஆள் மாற்றினால் போதும் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். ஜெல், பொடியையும் திரவத்தையும் கலந்து போடும் அக்ரிலிக் இரண்டிலும் அக்ரிலேட் வகை ரசாயனங்கள் இருக்கின்றன. முழுதாக இறுகிய பிறகு அவை பெரிய தொல்லை தருவதில்லை. இறுகாத ஜெல் தோலில் படும்போதுதான் பிரச்சினை. தோலில் வழிந்ததைத் துடைக்காமல் விளக்குக்குள் வைப்பது, ஜெல்லுக்குப் பொருந்தாத மலிவு விளக்கில் அரைகுறையாக இறுக்குவது போன்றவை மாதக்கணக்கில் நடந்தால் உடம்பு ஒரு நாள் எதிர்க்கத் தொடங்கும். நகத்தைச் சுற்றி அரிப்பு, தோல் வெடிப்பு, சின்னக் கொப்புளம், சிலருக்குக் கண் இமையில்கூட அரிப்பும் தடிப்பும் வரும்.

ஒரு முறை வந்தால் பொதுவாக வாழ்நாள் முழுவதும் போகாது. பல் அடைப்பு, மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் போடும் எலும்பு சிமென்ட், சர்க்கரை அளவு பார்க்கக் கையில் ஒட்டும் சென்சார் எல்லாவற்றிலும் இதே குடும்ப ரசாயனங்கள் உண்டு. இன்றைய நக ஆசை நாளைய மருத்துவத்தில் குறுக்கே வந்து நிற்கலாம். பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-இலேயே இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹீமா என்ற அக்ரிலேட் கலந்த நகப் பொருட்களைத் தொழில்முறை ஆட்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும், அலர்ஜி எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

எனவே அரிப்பு தொடங்கிவிட்டால் வேறு ஸ்டுடியோ தேடாதீர்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தோல் மருத்துவரிடம் போய், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். "எங்ககிட்ட ஹீமா ஃப்ரீ இருக்கு" என்று சொன்னாலும் அதில் வேறு அக்ரிலேட் இருக்கும். வீட்டில் போட்டுக்கொள்ளும் கிட் இன்னும் ஆபத்து, தோலில் வழியாமல் நம்மால் நமக்கே பூச முடியாது.

பாட்டில்களையும் ஒரு பார்வை பாருங்கள். பெயரே இல்லாத டப்பாவிலிருந்து அக்ரிலிக் திரவத்தை ஊற்றினால் சந்தேகப்படுங்கள். எம்எம்ஏ என்ற மலிவான திரவத்தை 1970-களிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நகப் பொருட்களிலிருந்து அகற்ற நடவடிக்கை எடுத்தது. அது போட்ட நகம் கல் மாதிரி இறுகும், நகப்பூச்சை அகற்றும் அசிட்டோனில் ஊறவைத்தாலும் லேசில் கரையாது. இடித்துக்கொண்டால் அது உடையாமல் சொந்த நகத்தைப் பெயர்த்துக்கொண்டு வரும். ஜெல்லை விளக்கில் இறுக வைக்கும் டிபிஓ என்ற இன்னொரு பொருளை, விலங்கு ஆய்வுகளில் இனப்பெருக்கத்துக்குத் தீங்கு தெரிந்ததால், ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருட்களில் தடை செய்துவிட்டது. "உங்க ஜெல்லில் டிபிஓ இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பாட்டிலைத் திருப்பிப் படித்துச் சொல்கிறவர், "தெரியலை, பார்த்துச் சொல்றேன்" என்கிறவர் இருவரையும் நம்பலாம். அப்படி ஒன்றே கிடையாது என்று சாதிப்பவரை நம்ப வேண்டாம்.

முதலில் பேசிப் பார்க்க வேண்டியவை

மற்றவை எல்லாம் பேசினால் தீரக்கூடியவை. பாதாம் வடிவம் கேட்டால் சதுரமாக வருகிறது, நீளம் ஒவ்வொரு முறையும் கூடிப்போகிறது, உங்கள் கையை வைத்துக்கொண்டே போனில் பேசுகிறார், பதினொரு மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டுக்கு உட்கார வைக்கிறார். எரிச்சல்தான். ஆனால் நாம் இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறோமா? நம்மில் பலர் கடையில் "சூப்பரா இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுகிறோம்.

வேலை நடக்கும்போதே சொல்லுங்கள். கலர் போடுவதற்கு முன், வடிவம் அராவும்போதே, "இன்னும் கொஞ்சம் கூர்மையா வேணும், இந்தப் பக்கம் அகலமா இருக்கு" என்று சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. ஏற்ற இறக்கம் இல்லாமல், விரலைக் காட்டிச் சொல்லுங்கள். படம் காட்டும்போது உங்கள் விரல் மாதிரி இருக்கும் கையின் படத்தைக் காட்டுங்கள். நீளமான மெல்லிய விரலுக்குச் செய்த டிசைனைக் காட்டி, குட்டை விரலில் அப்படியே வரவில்லை என்று வருந்துவதில் நியாயமில்லை.

ஒரே குறையை இரண்டு முறை தெளிவாகச் சொல்லி, மூன்றாம் முறையும் அப்படியே வந்தால் நான் மாறிவிடுவேன். சொல்லவே இல்லையென்றால் அதை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

அவரே வேறு கடைக்குப் போய்விட்டால்

சென்னை ஸ்டுடியோக்களில் இது அடிக்கடி நடக்கும். நகம் செய்யும் பெண்களில் பலர் மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து போன்ற இடங்களிலிருந்து வந்து, நான்கைந்து பேராக அறை எடுத்துத் தங்கி வேலை செய்கிறார்கள். கொஞ்சம் கூடுதல் சம்பளம் கிடைத்தால் மாறுவார்கள், ஊரில் ஏதாவது என்றால் மாதக்கணக்கில் போய்விடுவார்கள். போகும்போது "இங்கே வாங்க, மேம்" என்று நம்பர் கொடுப்பார்கள்.

பின்னாலேயே போகலாம், தவறில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கை அந்தப் பெண்ணுடையது, ஆட்டோகிளேவும் விளக்கும் ஜெல்லும் கடையுடையவை. புதிய கடையில் நீங்கள் முதல் முறை வருபவர் மாதிரியே எல்லாவற்றையும் பாருங்கள். அவர் வீட்டுக்கே வந்து செய்வதாகச் சொன்னால், ஒரே நாளில் நான்கு வீடு போகிறவர் கருவிகளை நடுவில் எங்கே சுத்தம் செய்கிறார் என்று கேளுங்கள். நான்கு செட் தனித்தனிப் பையில் எடுத்து வருபவர்களும் இருக்கிறார்கள். அல்லது உங்களுக்கென்று ஒரு நிப்பரும் புஷரும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவரைத் தேடும்போது

இன்ஸ்டாகிராம் படங்களில் டிசைனைப் பார்க்காதீர்கள். தோல் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவந்திருக்கிறதா, ஜெல் தோல்மேல் ஏறியிருக்கிறதா, வெட்டுக் காயம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். போட்ட உடனே எடுத்த படம் எல்லாரும் போடுவார்கள். மூன்று வாரம் கழித்து வந்த நகத்தின் படத்தையும் போடுகிறவர் தன் வேலையை நம்புகிறவர்.

தேர்ந்தெடுத்த பிறகு, பழைய டெக்னீஷியனிடம் ஒரு விவரம் வாங்கிவிடுங்கள்: கையில் இப்போது இருப்பது என்ன, எந்த பிராண்ட்? ஜெல் பாலிஷும் பெரும்பாலான அக்ரிலிக்கும் அசிட்டோனில் ஊறும். எக்ஸ்டென்ஷனுக்குப் போடும் கெட்டியான ஹார்ட் ஜெல் ஊறாது, அராவித்தான் எடுக்க வேண்டும். என்னவென்று தெரியாமல் புதியவர் கை வைத்தால், ஊறாததை ஊறவைத்து, பிறகு பொறுமையிழந்து நெம்புவார். பாதிச் சேதம் இந்த மாற்றத்தின்போதுதான் நடக்கிறது. இன்னொருவர் போட்டதன் மேல் ரீஃபில் (வளர்ந்த இடத்தை மட்டும் நிரப்புவது) செய்ய மாட்டேன், முழுதாகக் கழற்றித்தான் செய்வேன் என்று புதியவர் சொன்னால் அது பணம் பிடுங்கும் பேச்சு என்று நினைக்க வேண்டாம். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மூட மறுக்கிறார், அவ்வளவுதான். அந்த ரிமூவல் செலவையும் சேர்த்தே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரிமூவலை எப்படிச் செய்கிறார் என்று பார்ப்பதே பெரிய சோதனை. மேல் பளபளப்பை மட்டும் அராவி, அசிட்டோன் பஞ்சு வைத்து ஃபாயில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து, தானாகக் கழன்றதை மரக்குச்சியால் ஒதுக்க வேண்டும். கழறாவிட்டால் மறுபடி சுற்ற வேண்டும். அவசரப்படாதவர் என்றால் மற்ற வேலையும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

முதல் முறை குட்டையான சொந்த நகத்தில் ஒரே நிற ஜெல் பாலிஷ் மட்டும் போட்டுப் பாருங்கள். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு புது ஆளிடம் போய் எக்ஸ்டென்ஷனும் கல் பதித்த டிசைனும் கேட்பது வேண்டாம். விசேஷம் இருந்தால் ஒரு மாதம் முன்பே ஒரு ஒத்திகை பார்த்துவிடுங்கள். நகம் மெலிந்திருந்தால் எதுவும் போடாமல் இரண்டு மூன்று மாதம் விடுங்கள். "நகம் மூச்சு விடணும்" என்று சொல்வார்கள், நகம் மூச்சு விடுவதில்லை. தேய்ந்த பகுதி வளர்ந்து வெளியேறத்தான் அந்த நேரம். கைவிரல் நகம் முழுதாகப் புதிதாக ஆறு மாதம் ஆகும். காலில் பெருவிரலுக்கு ஒரு வருடத்துக்கு மேலாகும். இரவில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு நகக்கண்ணைச் சுற்றித் தடவினாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

எப்படிச் சொல்லி விடைபெறுவது?

முன்பணம் கட்டிய பேக்கேஜ் பாக்கி இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள். மீதியை அதே கடையில் வேறு ஆளிடமோ வேறு சேவைக்கோ மாற்றித் தரச் சொல்லலாம். சுகாதாரக் குறை என்றால் பணம் போனாலும் பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

ஒரே கடையில் ஆள் மட்டும் மாற வேண்டுமென்றால் போனில் புக் செய்யும்போதே பெயர் சொல்லிக் கேளுங்கள். நேரில் போய் அவர் முன்னால் வேறு ஒருவரைக் கேட்பது இருவருக்கும் சங்கடம். பல இடங்களில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கமிஷன் கணக்கு இருக்கிறது, அதனால் மேலாளரிடம் காரணத்தைச் சரியாகச் சொல்லுங்கள். "வடிவம் எனக்குப் பிடிச்ச மாதிரி வரலை" என்பதும் "அவர் கருவி கழுவுவதில்லை" என்பதும் ஒன்றில்லை. முதலாவதை அவர் வேலைக்கு ஆபத்து வராதபடி சொல்லலாம். இரண்டாவதை மறைக்காதீர்கள், அடுத்து உட்காரப் போகிறவருக்காகவாவது சொல்லிவிடுங்கள்.

நான் ஒரு வாட்ஸ்அப் செய்திதான் அனுப்பினேன். "நகம் ரொம்ப மெலிஞ்சுடுச்சும்மா, ட்ரில் பட்ட இடத்தில் கோடு விழுந்திருக்கு, படம் அனுப்பியிருக்கேன் பாரு. கொஞ்ச நாள் விட்டுட்டு, பக்கத்திலேயே வேற இடத்தில் பார்க்கப் போறேன். நீ தங்கச்சி கல்யாணத்துக்குச் செய்ததை நாங்க யாரும் மறக்கலை." ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள், "சாரிக்கா, ட்ரில் முனையில போடுற புது பிட் ரொம்ப கூர்மையா இருந்துச்சு, மாத்திட்டேன்" என்று வந்தது. நான் முன்பே படம் அனுப்பியிருந்தால் முன்பே மாற்றியிருப்பார்.

புதியவரிடம் மூன்று முறை போன பிறகு மறுபடி ஒரு நாள் ரிமூவல் மட்டும் செய்துகொண்டு, அதே ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அதே பத்து விரலையும் படம் எடுங்கள். முதல் நாள் எடுத்த படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய கோடு நுனியை நோக்கி நகர்ந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே புதிதாக வளர்ந்த இடத்தில் எதுவும் இருக்கக் கூடாது.